மூன்று தட்டு உப்பு

எழுபதுகளின் கடைசியில், கோவில்பட்டியில் நான் எட்டாம் வகுப்பு படித்த வருடம், எங்கள் அறிவியல் டீச்சர் எங்களைக் கழிமுகம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். ஆறு கடலோடு சேருகிற இடத்தில், முழங்கால் அளவு சேற்றில் நின்று தண்ணீர் மொண்டு வந்தோம். இதை யாரிடமாவது சொன்னால், "அந்தக் காலத்திலேயே அப்படி ஒரு டீச்சரா! கொடுத்து வைத்தவர்கள் நீங்கள்" என்பார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். அடுத்து என்ன கேட்பார்கள் என்று தெரியும். "அப்புறம் என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்பார்கள். நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. செய்தது ஒன்று உண்டு. அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்த வயதுக்கு மேல் யாருக்குப் பயந்து மூடி வைப்பது.

டீச்சருக்கு நாற்பது வயதிருக்கும். பாடப் புத்தகத்தைக் கண்டாலே எரிச்சல்படுகிற ஆசிரியரை நான் அவருக்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "தவளையைப் பத்திப் படிக்காதீங்க, தவளையைப் பாருங்க" என்பார். எங்கள் கரிசல் காட்டில் தவளையைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் மழை பெய்ய வேண்டும், அது வேறு விஷயம். அவரிடம் இன்னொரு பிடிவாதமும் இருந்தது. எந்தச் சோதனையையும் இரண்டு பேர் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒருத்தி நோட்டை மற்றவள் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒத்து வந்தால்தான் அதைக் கரும்பலகையில் எழுதுவார். ஒத்து வராவிட்டால், யாரோ ஒருத்தி கவனமாகச் செய்யவில்லை என்று அர்த்தம்.

எனக்கு ஜோடியாக அவர் போட்டது குளத்தூர்க்காரியை. வகுப்பில் அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவள் அப்பா குளத்தூர் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்தார். அவள் கோவில்பட்டியில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். பள்ளி விட்டதும் சித்தியோடு உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவாள். விரல் நுனியில் எப்போதும் காய்ந்த பசை இருக்கும். என் வீடு டவுனுக்கு வெளியே ஒரு கிராமத்தில். நிலபுலன், நாலு மாடு, வில்வண்டி என்று ஊரில் பேர் சொல்கிற குடும்பம். அவளோடு ஜோடி போட்டதே எனக்குக் கௌரவக் குறைச்சலாகத்தான் இருந்தது. அதை வெளியே சொல்லவில்லை, முகத்தில் காட்டினேன்.

அவளுக்கு அந்த வருடத்தோடு படிப்பு முடிகிறதாக இருந்தது. எட்டாவது போதும் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. திருநெல்வேலியில் நடக்கப் போகிற மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குக் கழிமுகச் சோதனையைக் கொண்டுபோவது என்றும், அதைப் பற்றி மேசைக்கு முன்னால் நின்று அவள்தான் பேச வேண்டும் என்றும் முடிவு செய்திருந்தார். வகுப்பிலேயே சொன்னார்: "உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா. அத்தனை பெரிய மனுசங்க முன்னால நீ நின்னு பேசுததை அவிய கண்ணால பாக்கட்டும். ஒன்பதாம் வகுப்புக்கு நான் பேசிக்கிடுதேன்." அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் எனக்கு அது பொறுக்கவில்லை.

பொங்கல் முடிந்து ஒரு சனிக்கிழமை போனோம். அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் ஏமாற்றிவிட்டன. பஸ்ஸில் போகிற வழியெல்லாம் பருத்திச் செடி முழங்கால் உயரத்திலேயே காய்ந்து நின்றது. வைப்பாற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் வெறும் மணல். இதில் எங்கே போய்த் தண்ணீர் எடுப்பது என்று நாங்கள் சிரித்தோம். ஆனால் கடலுக்குக் கிட்டே போனால் ஆறு குளம் மாதிரி அகலமாகத் தேங்கிக் கிடந்தது. கரையோரச் சேறு, மழை பெய்த எங்கள் கரிசல் மண்போலவே கறுப்பாக இருந்தது. நாற்றம்தான் வேறு. அழுகின முட்டை நாற்றம். பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு கரையிலேயே நின்றுவிட்டோம்.

டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். ஒரு கூட்டத்துக்குக் கயிற்றில் கல்லைக் கட்டி ஆழம் பார்க்கிற வேலை. ஒரு கூட்டத்துக்குப் பழைய கொசுவலையில் என்ன மாட்டுகிறது என்று பார்க்கிற வேலை. எனக்கும் அவளுக்கும் உப்பு. ஆற்றுப் பக்கம் ஒரு பாட்டில், நடுவில் ஒரு பாட்டில், கடலில் ஒரு பாட்டில். ஆளுக்கு மூன்று. எல்லாம் கம்பவுண்டரிடம் வாங்கி வந்த மருந்து பாட்டில்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிய சீட்டைப் பசை தடவி ஒட்டினோம். வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றிலும் இரண்டு அவுன்ஸ் அளந்து தட்டில் ஊற்றி, மேலே மெல்லிய துணி கட்டி, வெயிலில் காய வைத்து, ஒட்டிக் கிடக்கிற உப்போடு தட்டைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். டீச்சர் ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்துப் பார்ப்பார்.

குளத்தூர்க்காரி அந்தச் சேற்றில் தெருவில் நடப்பதுபோல நடந்தாள். ஆறு கடலில் விழுகிற வாயை மறித்து மணல் மேடு கட்டியிருந்ததை டீச்சரிடம் காட்டி, "பொழி அடைச்சுக் கெடக்கு டீச்சர். மழைத் தண்ணி வந்தா வெட்டி விடுவாவ. இந்த வருசம் வெட்டவே இல்ல" என்றாள். டீச்சர் தலையாட்டிக்கொண்டே நோட்டில் குறித்தார். பிறகு ஆற்றுப் பக்கத்தில் பாட்டிலை முக்கும்போது ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டு, என்னிடம் சொன்னாள்.

"ஏட்டி, இங்கனதான் உப்பு கூட இருக்கு. கடலைவிடக் கரிக்குது. வேணும்னா நீயும் நக்கிப் பாரு."

"சீ, நாத்தம் புடிச்ச தண்ணி. நீயே நக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்து மூன்று பாட்டில்களையும் மாட்டுத் தொழுவத்துப் பக்கம் ஜன்னல் திட்டில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டு விசேஷம். திங்கள்கிழமை மறந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மாலை தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், மூன்று பாட்டில்களும் சாம்பல் போட்டுக் கழுவப்பட்டு, பளபளவென்று கவிழ்ந்து கிடந்தன.

எங்கள் வீட்டில் தண்ணீர் என்றால் என்னவென்று சொன்னால்தான் இது புரியும். கிணறு கார்த்திகையிலேயே வற்றிவிட்டது. ஒரு மைல் தள்ளி ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து பீப்பாய் வண்டியில் வரும். முகம் கழுவின தண்ணீரில் கால் கழுவ வேண்டும். அரிசி களைந்தது, பாத்திரம் கழுவினது எல்லாம் மாட்டுக்கு வைக்கிற குளுதாடித் தொட்டிக்குப் போய்விடும். யாராவது ஒரு செம்புத் தண்ணீரை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தால் அம்மா அன்று முழுவதும் பேசிக்கொண்டே இருப்பாள். அப்படிப்பட்ட வீட்டில் மூன்று பாட்டில் தண்ணீரை மூன்று நாள் சும்மா வைத்திருந்தது என் முட்டாள்தனம்.

"யம்மா, பாட்டில்ல இருந்த தண்ணி எங்க?"

"குளுதாடியில ஊத்திட்டேன். மூணு நாளாக் கெடக்கு, யாரும் எடுக்கலை. சும்மா வீணாப் போகுதேன்னுதான். மாடு நல்லா உறிஞ்சிக் குடிச்சுதுட்டி, இன்னும் இருக்கான்னு தொட்டியை நக்குது" என்றாள் அம்மா. அவளுக்கு அதில் சந்தோஷம்.

நான் அழவில்லை. கத்தவும் இல்லை. நேரே யோசிக்க ஆரம்பித்தேன். என்னைப் பற்றி எனக்குப் பிடிக்காத விஷயம் அதுதான். நெருக்கடி வந்தால் என் மூளை நன்றாக வேலை செய்யும். வியாழக்கிழமை தட்டுகளைக் கொண்டுபோக வேண்டும். குளத்தூர்க்காரியிடம் கேட்டிருந்தால் மிச்சத் தண்ணீரைக் கொடுத்திருப்பாள். டீச்சரிடம் நடந்ததைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார், அதையும் ஒரு பாடமாக நடத்தியிருப்பார். இரண்டும் எனக்குத் தோன்றாமல் இல்லை. ஒரு தீப்பெட்டி ஒட்டுகிறவளிடம் போய்க் கேட்பதா என்ற எண்ணம்தான் முந்திக்கொண்டு வந்தது.

அடுப்படியில் உப்புச் சாடி இருந்தது. மூன்று தட்டில் தண்ணீர் ஊற்றினேன். ஆற்றுத் தண்ணீர் என்றால் உப்பு குறைச்சல், எனவே முதல் தட்டில் ஒரு சிட்டிகை. நடுவில் இரண்டும் கலக்கும், எனவே அதைவிடக் கொஞ்சம் கூட. கடலுக்கு ஒரு சின்னக் கரண்டி நிறைய. மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் வைத்தேன். எங்கள் வெயிலுக்கு ஒரே பகலில் காய்ந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று அழகாகப் படிந்திருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் இருந்தது.

வியாழக்கிழமை டீச்சர் தராசை மேசைமேல் வைத்து, எல்லோரையும் சுற்றி நிற்க வைத்தார். என் தட்டுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி நிறுத்தார். ஆறு குறைச்சல், நடு கொஞ்சம் கூட, கடல் அதிகம். படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டு போயிற்று. டீச்சர் முகம் மலர்ந்தது. அடுத்து குளத்தூர்க்காரியின் தட்டுகள். அவளுடைய உப்பு வெள்ளையாக இல்லை. பழுப்பாக, தொட்டால் ஒட்டுகிற மாதிரி ஈரக்கசிவோடு இருந்தது. கடல் தட்டு நிறையத்தான் இருந்தது. ஆற்றுத் தட்டு அதைவிடக் கனத்தது. டீச்சர் மறுபடி நிறுத்தார். மறுபடியும் அதேதான்.

"ஆத்துத் தண்ணி கடலைவிட உப்பா இருக்குமாட்டி?" என்று கேட்டார்.

"இருந்துச்சு டீச்சர். நான் காய வச்சேன், இப்படித்தான் வந்துச்சு."

"ஒழுங்காக் காயக்கூட இல்லையே, கசகசன்னு இருக்கு."

"அந்தத் தண்ணி அப்படித்தான் டீச்சர். எத்தனை நாள் வச்சாலும் ஈரம் விடாது."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நீ எல்லாம் சரியாத்தானே செஞ்ச?"

"ஆமா டீச்சர்" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். அதுவரை செய்தது பயத்தால் செய்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவாவது ஒரு வழி இருந்திருக்கும். ஆனால் யாரும் கேட்காமலே மேலே சொன்னேன்: "அவ வீட்டுல உப்பு மூட்டை மூட்டையாக் கெடக்கும் டீச்சர். உப்பளத்துல இருந்து கொண்டு வருவாவ. தட்டு நிறையத் தெரியட்டும்னு போட்டிருப்பா."

பெண்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. அவருக்கு முகம் கறுத்துவிட்டது. எதையும் மன்னிப்பார், சோதனையில் பொய் என்றால் மட்டும் மன்னிக்க மாட்டார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "உன்கிட்ட இதை நான் எதிர்பாக்கலை" என்று மட்டும் சொன்னார். பிறகு தட்டுகளைக் கழுவி வைக்கச் சொன்னார். புத்தகத்தைக் கண்டால் எரிந்து விழுகிறவர் அன்றைக்குப் புத்தகத்தைத்தான் நம்பினார். இரண்டு பேர் தட்டையும் நக்கிப் பார்க்கும்படி ஒரு பிள்ளையிடமாவது சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

குளத்தூர்க்காரி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. குழாயடியில் அவளுடைய தட்டுகளோடு என்னுடையதையும் சேர்த்துக் கழுவினாள். கழுவுவதற்கு முன்னால் என் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"இது எங்க ஊர்க் கல்லுப்புட்டி. கடல் தண்ணியை அப்படியே காய வச்சா அடி நாக்குல கசக்கும். இதுல கசப்பே இல்ல" என்றாள் மெதுவாக.

"போயி டீச்சர்ட்ட சொல்லு. யாரை நம்புதாவன்னு பாப்போம்" என்றேன்.

அவள் போகவில்லை. கண்காட்சிக்கு என் பெயரை எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து அவள் பெஞ்சில் இடம் காலியாக இருந்தது. அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று பக்கத்தில் உட்காருகிறவள் சொன்னாள். எனக்கு அப்போது வந்தது நிம்மதி. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் நிம்மதிதான்.

திருநெல்வேலிக்கு டீச்சரும் நானும் போனோம். கயத்தாறில் பஸ் நின்றபோது டீச்சர் எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தார். கண்காட்சியில் என் மேசைமேல் மூன்று பாட்டில், மூன்று தட்டு, சார்ட் தாளில் அழகாக வரைந்த ஆறும் கடலும். பாட்டில்களில் இருந்தது எங்கள் பள்ளிக் குழாய்த் தண்ணீர். வந்தவர்களிடமெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தேன். மத்தியானத்துக்கு மேல் மார்க் போடுகிற கல்லூரி ஆசிரியர் ஒருவர் வந்தார். முழுவதும் கேட்டார். பிறகு என்னிடம் குனிந்து, சாதாரணமாகக் கேட்டார்.

"எந்த மாசம் தண்ணி எடுத்தம்மா?"

"தை மாசம் சார்."

"பொழி திறந்திருந்துச்சா?"

"இல்ல சார். அடைச்சுக் கெடந்துச்சு."

"ஆறு ஓடலை, பொழியும் அடைச்சிருக்கு. வெயில் மட்டும் அடிக்குது. அப்போ உள்ளே தேங்கின தண்ணி வத்தி வத்திக் கடலைவிட உப்பா அல்லவா ஆகியிருக்கணும்? நம்ம வறண்ட பக்கத்து ஆறுகள்ல அப்படித்தான் வரும்." அவர் சார்ட்டை மறுபடி பார்த்தார். "உங்க வகுப்புல வேற யாருக்காவது மாத்தி வந்துச்சா?"

டீச்சர் எனக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றார். ஒரு வார்த்தை போதும். ஆமாம் சார், ஒருத்திக்கு வந்தது என்று சொல்லியிருந்தால், அந்த இடத்திலேயே எல்லாம் நேராகியிருக்கும். அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் போய்ப் பேச டீச்சருக்கும் ஒரு வலு கிடைத்திருக்கும்.

"இல்ல சார்" என்றேன்.

பக்கத்திலிருந்து டீச்சரின் குரல் கேட்டது. "வந்துச்சு சார். ஒரு பிள்ளைக்கு வந்துச்சு. அது கள்ளம் பண்ணியிருக்குன்னு சொல்லி, நான்தான் தட்டைக் கழுவ வச்சுட்டேன்." அத்தனை பேர் முன்னால், சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்தக் கல்லூரிக்காரர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. டீச்சரின் காது மடல் சிவந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. தப்பு செய்தவள் நான், கூனிக் குறுகியது அவர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டீச்சர் என்னோடு பேசவே இல்லை. இறங்கும்போது, "ஞாயித்துக்கிழமை குளத்தூர் போறேன். நீயும் வா" என்றார். வரமாட்டேன் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

உப்பளத்தில் பாத்தி பாத்தியாக வெள்ளை வெயில் கண்ணைக் கூச வைத்தது. குளத்தூர்க்காரி மற்றப் பெண்களோடு தலையில் கூடை சுமந்துகொண்டிருந்தாள். தாவணியை இழுத்துத் தலையில் சும்மாடு கட்டியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கூடையைக் கொட்டிவிட்டு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பில் நிற்பதுபோலவே நின்றாள். அவள் அப்பாவும் வந்தார்.

டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. "நீ கொண்டு வந்ததுதான் சரி. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிரு" என்றார். பிறகு அவள் அப்பாவிடம், "அண்ணாச்சி, பிள்ளையைத் திரும்ப அனுப்புங்க. ஒன்பதாம் வகுப்புக்கு நான் பொறுப்பு" என்றார்.

"அவ பொய் சொல்லமாட்டான்னு எனக்குத் தெரியும் டீச்சர். அதை உங்க பள்ளிக்கூடத்துல போயி நான் எப்படிச் சொல்ல?" என்றார் அவர். கோபமே இல்லாமல்தான் சொன்னார். "களவாணிப் பேர் வாங்கிட்டு வரவா அம்புட்டுத் தூரம் அனுப்புனேன்? போதும். இங்கன அவளை யாரும் அப்படிச் சொல்லமாட்டாவ."

டீச்சர் எவ்வளவோ பேசிப் பார்த்தார். அவர் இறங்கி வரவில்லை. கடைசியில் டீச்சர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். பஸ்ஸில் கேட்காததை, அந்த உப்பு வெளியில், அவர்கள் இருவர் முன்னாலும் கேட்டார்.

"இவளுக்குச் சரியா வந்திருக்கு. அப்பம் உனக்கு மட்டும் ஏன் மாறி வந்துச்சு?"

மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளத்தூர்க்காரி ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, டீச்சரிடம் திரும்பிச் சொன்னாள்.

"அவ மேல தப்பில்ல டீச்சர். அவ பாட்டில்லயும் சீட்டு ஒட்டுனது நான்தான். ஒண்ணாம் நம்பரையும் மூணாம் நம்பரையும் மாத்தி ஒட்டியிருப்பேன்."

என் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டியது நான். அது அவளுக்கும் தெரியும்.

டீச்சர் என்னைப் பார்த்து, "அப்படியா?" என்று கேட்டார்.

"ஆமா டீச்சர்" என்றேன்.